கிரெடிட் என்றால் வரவா, கடனா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பதும், மாலை வேளையில் வணிகவியல் மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. கடைக்காரர், கல்லூரிப் பிள்ளை, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் காட்டிப் பொருள் கேட்கும் ஆச்சி என்று யார் வந்தாலும், அவர்களுடைய ஐயம் பெரும்பாலும் 'கிரெடிட்' என்ற சொல்லைச் சுற்றியே இருக்கிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். முதல் ஐந்து விடைகளைப் படித்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

கிரெடிட்டுக்குத் தமிழில் என்னதான் பொருள்? ஒருவர் வரவு என்கிறார், இன்னொருவர் கடன் என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான். வங்கிக் கணக்கிலும், ஆளுக்கொரு பக்கமாகக் கணக்கு எழுதும் பேரேட்டிலும் அது வரவு. பொருளை இன்று வாங்கிக்கொண்டு பணத்தைப் பிறகு தருவதாகச் சொல்லும் இடத்தில் அது கடன். ஒரு வேலையைச் செய்து முடித்தவருக்குச் சேரவேண்டிய பேர் என்றும், கல்லூரியில் ஒரு பாடத்தின் எடையைக் காட்டும் அலகு என்றும், திரைப்படத்தில் கலைஞர்களின் பெயர்கள் வரிசையாக ஓடும் பகுதி என்றும் அதற்குப் பொருள் உண்டு.

இலத்தீன் மொழியில் 'கிரெடெரே' என்றால் நம்புதல். நம்பி ஒப்படைத்தது என்பதே கிரெடிட்டின் அடிப்பொருள். நம்மூரில் ஒருவரைப் பற்றி 'நாணயமானவர்' என்று சொல்லும்போது பணத்தையும் நம்பிக்கையையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அதே இடத்தில்தான் இந்த ஆங்கிலச் சொல்லும் நிற்கிறது. கீழே வரும் ஒவ்வொரு பொருளிலும் யார் யாரை நம்பினார் என்று கேட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கணக்கில் பணம் ஏறினால் கிரெடிட் ஆகிவிட்டது என்கிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் கடன் அட்டை என்கிறார்கள். ஒன்று வருவது, மற்றது கொடுக்க வேண்டியது. எப்படி இரண்டுக்கும் ஒரே சொல்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு விடை, ஏடு யாருடையது என்பதில் இருக்கிறது. நீங்கள் வங்கியில் 5,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் ஏட்டில் உங்கள் பெயருக்கு ஒரு பக்கம் உண்டு. பணத்தைக் கொடுத்தவர் நீங்கள் என்பதால் அந்தப் பக்கத்தில் 5,000 வரவு வைக்கிறார்கள். அந்த வரவின் பொருள், வங்கி உங்களுக்கு 5,000 ரூபாய் தரக் கடன்பட்டிருக்கிறது என்பதே. ஆக, இங்கே நம்பிக் கொடுத்தவர் நீங்கள், வாங்கிக்கொண்டது வங்கி.

கிரெடிட் கார்டில் இடங்கள் மாறிவிடுகின்றன. அங்கே நம்புவது வங்கி, கடன்படுவது நீங்கள். அந்த அட்டையில் நீங்கள் செலவழிக்கும் தொகை வங்கியின் ஏட்டில் உங்கள் பெயரில் பற்றாகத்தான், அதாவது டெபிட்டாகத்தான் விழும். அட்டையின் பெயரில் இருக்கும் 'கிரெடிட்' ஏட்டுப் பதிவின் பெயர் அன்று. இவர் திருப்பித் தருவார் என்று வங்கி உங்கள்மீது வைத்த நம்பிக்கையின் பெயர்.

பாஸ்புக்கில் தொகைக்குப் பக்கத்தில் 'சிஆர்', 'டிஆர்' என்று போடுகிறார்களே, அதை எப்படிப் படிப்பது? டெபிட் என்ற சொல்லில் 'ஆர்' என்ற எழுத்தே இல்லையே?

நிலுவைக்குப் பக்கத்தில் 'சிஆர்' என்றிருந்தால் அந்தத் தொகையை வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 'டிஆர்' என்றிருந்தால் நீங்கள் வங்கிக்குத் தர வேண்டும். சேமிப்புக் கணக்கில் வழக்கமாக முதலாவதும், நகைக்கடன், வீட்டுக்கடன் கணக்குகளில் இரண்டாவதும் இருக்கும். 'ஆர்' வந்ததற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், கடன்பட்டவரைக் குறிக்கும் 'டெட்டர்', கடன் கொடுத்தவரைக் குறிக்கும் 'கிரெடிட்டர்' என்ற சொற்களின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அவை என்பதாகும்.

பல்லத்தூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர், தம் கணக்கில் 8,000 ரூபாய் கிரெடிட் ஆகியிருப்பதாகச் செய்தி வந்தும் வங்கியில் பணம் தர மறுக்கிறார்கள் என்று கைப்பேசியை நீட்டினார். செய்தியில் இருந்த கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் அவருடைய நகைக்கடன் கணக்குக்கு உரியவை. மகன் வெளியூரிலிருந்து அந்தக் கடனுக்காகக் கட்டிய தொகைதான் அங்கே வரவு வைக்கப்பட்டிருந்தது. வரவு உண்மைதான், ஆனால் அது கடனைக் குறைத்த வரவே தவிர, எடுத்துக்கொள்ளக் கூடிய பணம் அன்று. ஆகவே செய்தியில் தொகையைப் பார்ப்பதற்கு முன் கணக்கு எண்ணைப் பாருங்கள்.

அப்படியானால் வங்கியில் நான் போட்ட பணத்தை என் கடை ஏட்டில் எந்தப் பக்கம் எழுத வேண்டும்?

பற்றுப் பக்கம். உங்கள் ஏட்டில் வங்கி என்பது உங்களிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொண்ட ஓர் ஆள். பெறுபவரைப் பற்று வைக்க வேண்டும், தருபவரை வரவு வைக்க வேண்டும் என்பது விதி. வங்கி தன் ஏட்டில் உங்களை வரவு வைக்கும். நீங்கள் உங்கள் ஏட்டில் வங்கியைப் பற்று வைப்பீர்கள். ஒரே 5,000 ரூபாய் இரண்டு ஏடுகளில் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்பதுதான் முறை. மாத முடிவில் இரண்டையும் ஒத்துப் பார்க்கும்போது பக்கம் மாறியிருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை.

எங்கள் ஐயா எழுதிய பழைய நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. என் மகளின் பாடநூலில் இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. எது தவறு?

இரண்டும் சரி. ஆனால் இவை எழுதப்பட்ட நோக்கு வேறு. ஐயாவின் நாள்வழியை, அதாவது அன்றாட வரவுசெலவு ஏட்டை எடுத்து ஒரு பக்கத்தை நிதானமாகப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, தேதி, அதன்கீழ் இடப்பக்கத்தில் ஓர் ஆளின் பெயரைப் போட்டு 'வரவு 500' என்று இருக்கும். அந்த ஆளிடமிருந்து கடையின் பணப்பெட்டிக்கு 500 ரூபாய் வந்தது என்பது அதன் பொருள். வலப்பக்கத்தில் இன்னொருவர் பெயரைப் போட்டு 'பற்று 200' என்றால், பெட்டியிலிருந்து அவர் 200 ரூபாய் பெற்றுக்கொண்டார். அந்த ஏட்டில் ரொக்கத்துக்கென்று தனிப்பெயர் கிடையாது. பக்கமே பெட்டி, எழுதப்படுவதெல்லாம் பெட்டியோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட ஆட்களின் பெயர்கள்.

மகளின் பாடநூலில் ரொக்கமும் ஒரு கணக்கு. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்ற விதிப்படி, 500 ரூபாய் வந்ததும் ரொக்கக் கணக்கின் இடப்பக்கத்தில் பற்று விழுகிறது. அதே 500 கொடுத்தவரின் கணக்கில் வலப்பக்கத்தில் வரவாக விழுகிறது. கொடுத்தவரைப் பொறுத்தவரை ஐயாவின் நோட்டும் பாடநூலும் ஒன்றே சொல்கின்றன: அவருக்கு வரவு. வேறுபாடு ரொக்கத்துக்குப் பெயர் கொடுத்ததிலும், எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற வழக்கத்திலும்தான்.

ஐரோப்பியர் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக அச்சில் ஏற்றியது 1494ஆம் ஆண்டு வெனிசு நகரில், லூக்கா பாச்சோலி என்ற துறவியின் கணித நூலில். நம் பக்கத்துக் கடைகளிலோ மேனாட்டுப் பாடம் வருவதற்கு முன்பே பேரேடும், சொத்தையும் கடனையும் ஒருசேரக் காட்டும் ஐந்தொகையும் நடைமுறையில் இருந்தன. ஆகவே ஐயா படிக்காமல் எழுதினார் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் செய்த தொழிலையும் கிரெடிட் என்று சொல்லலாமா? அது வெறும் வட்டித்தொழில்தானே?

தாராளமாகச் சொல்லலாம்; ஆங்கிலத்தில் அந்தத் தொழிலைப் பற்றி எழுதுவோர் அந்தச் சொல்லையே ஆள்கிறார்கள். 1852இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869இல் சூயசுக் கால்வாயும் திறந்த பிறகு, ஐராவதி ஆற்றுப்படுகையின் அரிசிக்கு உலகச் சந்தையில் கிராக்கி ஏற்பட்டது. காட்டை வெட்டி வயலாக்கவும், நாற்று நடவும், அறுவடை வரை குடும்பத்தைக் காக்கவும் உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணத்தைத் தந்தவர்களில் செட்டியார் கடைகளே முதன்மையானவை.

இதில் பலர் கவனிக்காத பாதி ஒன்று உண்டு. கடைகள் கொடுத்த பணம் முழுவதும் முதலாளியின் கைப்பணம் அன்று. உறவினர், கோயில், பிற கடைகள், வங்கிகள் என்று பலரிடமிருந்து வாங்கிய வைப்புகளும் கடன்களும் அதில் சேர்ந்திருந்தன. கடைகளுக்கிடையே நடப்பு வட்டி என்று ஒரு பொதுவிகிதத்தை வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பணம் புரட்டிக்கொண்டார்கள். உழவனிடம் கடைக்காரர் கிரெடிட்டர். வைப்பு வைத்தவரிடம் அதே கடைக்காரர் டெட்டர்.

1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை விழுந்தபோது இது தலைகீழானது. உழவரால் திருப்பித் தர முடியாத கடனுக்கு ஈடாக நிலம் கைக்கு வந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் 13இல் செட்டியார்களிடம் இருந்த நிலம், 1930இல் ஏறத்தாழ 6 சதவிகிதமாக இருந்து 1937இல் 25 சதவிகிதமாக உயர்ந்தது. கணக்கில் இது சொத்து கூடியதுபோலத் தெரியும். ஆனால் பணமாகத் திரும்பியிருக்க வேண்டிய கடன் அசையாத நிலமாக உறைந்துபோனது என்பதே உண்மை. 1942இல் சப்பானியப் படையெடுப்பும், பர்மா விடுதலைக்குப் பின் வந்த நில நாட்டுடைமையும் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டன. இந்தப் புரட்டலுக்கு நடுவில்தான், 1937 பிப்ரவரி 10 அன்று, மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் கதவு திறந்தது.

லோன் என்பதற்கும் கிரெடிட் என்பதற்கும் வித்தியாசம் உண்டா? கேஷ் கிரெடிட் என்றால் ரொக்கமா, கடனா?

லோன் என்பது கையில் வாங்கிவிட்ட தொகை. கிரெடிட் என்பது, வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைக்கப்பட்ட வசதி. ஐந்து இலட்சம் லோன் வாங்கினால் அன்றே முழுத்தொகைக்கும் வட்டி ஓடத் தொடங்கும். ஐந்து இலட்சத்துக்கு கிரெடிட் வரம்பு இருந்து, நீங்கள் ஒரு ரூபாயும் எடுக்காவிட்டால் வட்டி கிடையாது.

கேஷ் கிரெடிட் இந்த இரண்டாவது வகை. கடைகளில் 'சிசி' என்று சொல்வது இதைத்தான். கடைச் சரக்கை ஈடாகக் காட்டி வங்கி ஒரு வரம்பைத் தரும். எடுத்துப் பயன்படுத்திய தொகைக்கு, பயன்படுத்திய நாட்களுக்கு மட்டும் வட்டி. வரம்பு பத்து இலட்சம் என்பதற்காகப் பத்து இலட்சமும் எடுத்துவிட முடியாது. உங்கள் சரக்கு எட்டு இலட்சம் மதிப்புடையது, அதில் கால் பங்கு உங்கள் சொந்தப் பொறுப்பு என்று வங்கி வைத்திருந்தால், ஆறு இலட்சம் வரைதான் எடுக்கலாம். மாதாமாதம் சரக்குப் பட்டியல் கேட்பது இதற்காகத்தான். புதுவயல் அரிசி ஆலைக்காரர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை நன்கு அறிவார்கள். நெல் கொள்முதல் காலத்தில் வரம்பு போதாது, மற்ற காலத்தில் கணக்கு தூங்கும்.

கிரெடிட் கார்டு பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு சிறு தொகை போடுகிறார்கள். அதைக் கட்டினால் போதும்தானே?

தாமதக் கட்டணத்திலிருந்து தப்பிக்க அது போதும்; வட்டியிலிருந்து தப்பிக்கப் போதாது. பில் 20,000 ரூபாய், குறைந்தபட்சம் 1,000 என்று கொள்வோம். ஆயிரத்தை மட்டும் கட்டினால் மீதி 19,000 ரூபாய்க்கு மாதம் மூன்றரை சதவிகிதம் என்ற கணக்கில் 665 ரூபாய் வட்டி, அந்த வட்டியின்மேல் 18 சதவிகிதம் சரக்கு சேவை வரி, ஆக 785 ரூபாய் ஆகிறது. அடுத்த மாதம் நீங்கள் கட்டும் ஆயிரத்தில் முக்கால் பங்குக்கு மேல் இதற்கே போய்விடும். வட்டியைப் பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடுவார்கள் என்பதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே வரும். முழு நிலுவையைக் கட்டாதவரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

வட்டித்தொழிலைக் கண்ட ஊரில் மாதம் மூன்றரை வட்டி என்று வாயால் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். பளபளக்கும் அட்டையில் வந்தால் மட்டும் கேட்காமல் விடுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கிரெடிட் ஸ்கோர் என்பது என்ன? நான் வாழ்க்கையில் கடனே வாங்கியதில்லை, எனக்கு முழு மதிப்பெண் அல்லவா கிடைக்க வேண்டும்?

கடன் வாங்காததற்கு மதிப்பெண் இல்லை. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் திருப்பினீர்களா என்பதற்கே மதிப்பெண். நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் மதிப்பெண் 300 முதல் 900 வரை செல்லும். 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் பொதுவாக நல்லதாகக் கொள்கின்றன. உங்களைப் போன்றவர்களுக்கு எண்ணுக்குப் பதிலாக முந்தைய வரலாறு இல்லை என்றோ, கழித்தல் ஒன்று என்றோ வரும். அது குற்றம் அன்று. உங்களைப் பற்றித் தெரியாது என்பது மட்டுமே.

நம் பக்கத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது ஜாமீன் கையெழுத்து. பங்காளிக்கோ மைத்துனருக்கோ வங்கிக்கடனில் ஜாமீன் போட்டால், அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் ஏறும்; அவர் தவணை தவறினால் உங்கள் மதிப்பெண்ணும் இறங்கக்கூடும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

'நாற்பத்தைந்து நாள் கிரெடிட்' என்று வியாபாரத்தில் பேசுகிறோமே, அதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழில்முனைவோரிடம் வாங்கிய பொருளுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதன்படி அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறை, அரசின் தொழில் பதிவுக்கான உதயம் தளத்தில் பதிவு செய்திருந்தால், வெளியூர் ஒப்பந்தக்காரரிடம் இதைக் காட்டிக் கேட்கலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பொருளைத் திருப்பி அனுப்பினேன். பணம் கேட்டால் கிரெடிட் நோட் தருகிறேன் என்கிறார். கிரெடிட் என்றால் நான் கடன்காரனாகிவிட்டேனா?

இல்லை, அவர்தான் உங்களுக்குத் தர வேண்டியவராகிறார். இரண்டாவது விடையில் சொன்ன கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: ஏடு யாருடையது? கிரெடிட் நோட்டை எழுதுபவர் விற்றவர். தம் ஏட்டில் உங்கள் பெயரில் அத்தொகையை வரவு வைத்துவிட்டேன் என்று அவர் உங்களுக்கு எழுத்தில் சொல்வதே அது. இருபது கண்டாங்கிச் சேலையில் இரண்டு சாயம் ஒட்டித் திரும்பிவந்தால், தறிக்காரர் கடைக்கு அந்த இரண்டின் விலைக்குக் கிரெடிட் நோட் தருவார். கடைக்காரர் அடுத்த பில்லில் அதைக் கழித்துக்கொள்வார். ரொக்கமாகவே வேண்டும் என்றால் அதைத் தனியே பேசிக்கொள்ள வேண்டும்.

ஜிஎஸ்டியில் 'இன்புட் கிரெடிட்' இருக்கிறது என்று கணக்கர் சொல்கிறார். இருக்கிற பணத்தை எடுத்துத் தரச் சொன்னால் சிரிக்கிறார். ஏன்?

அது பணம் அன்று, வரி கட்டும்போது மட்டும் செல்லுபடியாகும் வரவு. ஒரு இலட்ச ரூபாய்க்குப் பெயிண்ட் வாங்கும்போது 18,000 ரூபாய் வரியை உங்களுக்கு விற்றவரிடம் கொடுத்துவிட்டீர்கள். அதை ஒன்றேகால் இலட்சத்துக்கு விற்கும்போது 22,500 ரூபாய் வரி வாங்குகிறீர்கள். முன்பு கொடுத்த 18,000 அரசின் ஏட்டில் உங்கள் பெயரில் வரவாக இருப்பதால் மீதி 4,500 மட்டும் கட்டினால் போதும். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாட்டில், வரிமேல் வரி விழாமல் காப்பது இந்த வரவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், விற்றவர் தம் படிவத்தில் உங்கள் பில்லைக் காட்டாவிட்டால் உங்களுக்கு வரவு ஏறாது. 180 நாட்களுக்குள் அவருக்குப் பணம் தராவிட்டால் எடுத்த வரவையும் திருப்பிக்கொடுக்க நேரும். மத்திய வரியின் வரவைக் கொண்டு மாநில வரியைக் கட்ட முடியாது. விற்பனையில் ஒரு சிறு விகிதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சிறு கடைகளுக்கு இந்த வரவே கிடையாது. இங்கும் அடிப்படை நம்பிக்கைதான், ஆனால் நீங்கள் நம்ப வேண்டியது அரசை மட்டும் அன்று, உங்களுக்குச் சரக்குப் போடுபவரையும்தான். ஒழுங்காகப் படிவம் போடாதவரிடம் இரண்டு ரூபாய் மலிவாக வாங்குவது பெரும்பாலும் இலாபம் ஆகாது.

கல்லூரியில் 'நாலு கிரெடிட் பேப்பர்' என்கிறார்கள். அதற்கும் பணத்துக்கும் என்ன தொடர்பு?

பணத்தோடு தொடர்பு இல்லை, ஏட்டோடு உண்டு. படித்து முடித்த பாடம் மாணவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை என்பது பொதுவாக ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. நான்கு கிரெடிட் பாடத்தில் 8 புள்ளியும், இரண்டு கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் எடுத்தால் சராசரி 7 ஆகாது. எடையோடு பெருக்கிக் கூட்டி ஆறால் வகுத்தால் 7.33 வரும். 2021இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில் இந்த வரவுகள் மாணவர் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும். கல்லூரி மாறினாலும் எடுத்துச்செல்லலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது 'கிரெடிட்டட் டு', 'கிரெடிட்டட் வித்' இரண்டில் எதைப் போடுவது? பெருமை என்ற பொருளில் எப்படி எழுதுவது?

தொகையை முன்னால் வைத்தால் 'டு', கணக்கையோ ஆளையோ முன்னால் வைத்தால் 'வித்'. ஐந்நூறு ரூபாய் கணக்குக்கு 'கிரெடிட்டட் டு'. கணக்கு ஐந்நூறு ரூபாயோடு 'கிரெடிட்டட் வித்'. பெருமைக்கும் இதே இலக்கணம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைந்ததற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் தந்த அழகப்பச் செட்டியாரைப் பற்றி எழுதினால், ஆய்வகம் வந்த பெருமை அவருக்கு 'கிரெடிட்டட் டு', அவர் அந்தப் பெருமையோடு 'கிரெடிட்டட் வித்'. ஒருவர் ஊருக்கே பெருமை சேர்ப்பவர் என்று சொல்லும்போது மட்டும் முன்னால் 'எ' சேர்த்து 'எ கிரெடிட் டு' என்று எழுத வேண்டும். குற்றத்துக்கு இந்தச் சொல் பொருந்தாது. நட்டத்துக்குக் காரணமானவரை இந்தச் சொல்லால் குறித்தால் கிண்டலாகிவிடும்.

ஏற்றுமதி செய்யும் என் தம்பிக்கு 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' வந்திருக்கிறதாம். அது உண்டியல்போன்றதா? கையில் இருந்தால் பணம் வந்ததற்குச் சமமா?

உறவு உண்டு, ஒன்று அன்று. உண்டியல் என்றதும் இன்றைய பிள்ளைகளுக்குக் கோயில் நினைவுதான் வரும். வியாபாரத்தில் அது, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்கவும் என்று ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதும் ஓலை. காட்டியவுடன் பணம் தர வேண்டியது தரிசன உண்டியல், குறித்த நாளில் தர வேண்டியது தவணை உண்டியல். அதில் நம்பிக்கை கடையின் விலாசத்தின்மேல், அதாவது கடைப்பெயரின்மேல் இருந்தது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் வாங்குபவரின் வங்கியே வாக்குக் கொடுக்கிறது: இன்ன ஆவணங்களை இன்ன தேதிக்குள் தந்தால் நான் பணம் தருகிறேன்.

பொறி 'ஆவணங்கள்' என்ற சொல்லில் இருக்கிறது. வங்கி சரக்கைப் பார்க்காது, தாளை மட்டும் பார்க்கும். சரக்கு நன்றாக இருந்து, கப்பல் ரசீதில் தேதி ஒரு நாள் பிந்தியிருந்தாலோ, பில்லில் பொருளின் விவரம் கடிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டாலோ பணத்தை நிறுத்திவைக்கலாம். உலகெங்கும் வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகள் 2007 ஜூலை முதல் இதற்கு வழிகாட்டுகின்றன. ஆகவே சரக்கைக் கட்டுவதற்கு முன் கடிதத்தை வரிவரியாகப் படித்து, நிறைவேற்ற முடியாத நிபந்தனை எதுவும் இருந்தால் உடனே திருத்தம் கேட்கச் சொல்லுங்கள்.

வைப்புத்தொகை வட்டியில் வங்கி பத்து சதவிகிதம் பிடித்துவிட்டது. கேட்டால் 'டேக்ஸ் கிரெடிட் இருக்கிறது' என்கிறார்கள். இதுவும் ஜிஎஸ்டியைப் போல் கையில் வராத வரவுதானா?

இது வரும். வங்கி பிடித்தது உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வருமான வரி. ஆண்டு முடிவில் உங்களுக்கு வரி எதுவும் இல்லை என்றாலோ, பிடித்ததைவிடக் குறைவு என்றாலோ, கணக்குத் தாக்கல் செய்தால் மிகுதி ரொக்கமாக உங்கள் வங்கிக் கணக்குக்கே திரும்பும். தாக்கல் செய்யாவிட்டால் வரவு ஏட்டிலேயே கிடக்கும்.

தாக்கல் செய்வதற்கு முன், வங்கி பிடித்த தொகை வருமான வரித் துறையின் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே வந்திருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். வங்கியில் பான் எண்ணைக் கொடுக்காமல் விட்டிருந்தால் பத்துக்குப் பதில் இருபது சதவிகிதம் பிடித்திருப்பார்கள். எந்தப் பெயரிலும் ஏறாத அந்த வரவை மீட்பது பெரும்பாடு. கூட்டுக் கணக்கானால் முதல் பெயருக்கு உரியவரின் எண்ணில்தான் ஏறும். கணவர் காலமான பின்னும் வைப்புத்தொகையில் அவர் பெயரே முதலில் இருக்க, வரவைத் தம் எண்ணில் தேடும் ஆச்சிமார்கள் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் இறப்புச் சான்றுடன் வங்கிக்குச் சென்று முதலில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.